எது நிஜம் என்று கேட்கும் கதைகள், மருந்தை நிறுத்தும் பிள்ளைகள்

இளஞ்சிவப்பு நிறமடித்த பெரிய கூடம். மூன்று நாற்காலிகள். ஒன்றில், யாரைத் தொட்டாலும் அவர் செய்த குற்றம் தனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பும் பெரியவர். அடுத்ததில், லேசாக அடிபட்டாலே எலும்பு நொறுங்கும் நோயோடு பிறந்து, தன் அறிவுக்கு நிகரில்லை என்று நம்புகிறவர். மூன்றாவதில் இருப்பவருக்குள் 24 பேர் குடியிருக்கிறார்கள். எதிரே நிற்கும் பெண் மனநல மருத்துவர் குரலை உயர்த்தாமல் விளக்குகிறார்: உங்கள் மூவருக்கும் அபார சக்தி எதுவும் கிடையாது, இருப்பதாக நம்புவதுதான் உங்கள் நோய்.

2019இல் வெளிவந்த ‘கிளாஸ்’ படத்தில் வரும் காட்சி இது. அடுத்த அரை மணி நேரம் பார்ப்பவர் மனத்திலும் சந்தேகம் நுழைகிறது. ஒவ்வொரு அதிசயத்துக்கும் அந்த மருத்துவர் சாதாரணமான ஒரு காரணம் வைத்திருக்கிறார். இதே வரிசையில் வந்த முன்னிரண்டு படங்களில் கண்ணால் கண்டதையே ரசிகர் மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறிவியல் புனைகதை செய்யக்கூடிய மிக நல்ல வேலைகளில் ஒன்று இது. ஆனால் கடைசியில் படம் அந்தச் சந்தேகத்தைக் கைகழுவிவிடுகிறது. மருத்துவர் ஒரு ரகசியச் சங்கத்தின் ஆள், உண்மையை உலகம் அறியாமல் அமுக்குவதுதான் அவர் வேலை, நோயாளிகள் சொன்னதெல்லாம் நிஜம் என்று முடிகிறது.

படத்தை எடுத்தவர் எம். நைட் ஷியாமளன். 1970இல் மாஹேயில் பிறந்தவர். கேரளக் கரையில் இருந்தாலும் மாஹே புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு பகுதி, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள், தாய் தமிழர். கைக்குழந்தையாகவே அமெரிக்கா போய்விட்டாலும் ‘நம்ம ஊர்க்காரர்’ என்று சொல்லிக்கொள்ளும் பெருமை புதுச்சேரியில் பலருக்கு உண்டு. அந்த உரிமையிலேயே அவரிடம் ஒரு குறையைச் சொல்லவும் செய்யலாம்.

புதுச்சேரியிலோ தமிழ்நாட்டிலோ ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பங்களிடம் பேச்சுக் கொடுத்தால், ஊரும் பேரும்தான் மாறும், கதை பெரும்பாலும் ஒன்றுதான். பையன் கல்லூரி இரண்டாம் வருஷம் வரை நன்றாகத்தான் இருந்தான். பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். தூக்கம் போயிற்று. ‘டிவியில என்னைப் பத்திப் பேசறாங்க’ என்றான். ‘போன்ல சிப்பு வச்சிட்டாங்க’ என்று போனைப் போட்டு உடைத்தான். காத்து கருப்பு என்று தாயத்துக் கட்டியதில் ஒரு வருஷம் போனது. கடைசியில் மருத்துவமனைக்குக் கூட்டி வந்து மருந்து ஆரம்பித்ததும் சில வாரங்களில் குரல்கள் அடங்கின, சாப்பிட்டான், தூங்கினான். தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால் அம்மாவிடம் அவன் சொல்லும் பதில் இது: ‘அந்த டாக்டரும் அவங்க ஆளுதாம்மா.’

‘கிளாஸ்’ படத்தின் முடிவும் இந்த ஒரு வாக்கியம்தான்.

படத்தைப் பார்த்துத்தான் அவன் நிறுத்தினான் என்று யாரும் சொல்லவில்லை. மனச்சிதைவு நோய்க்குக் காரணம் சினிமா அல்ல. மரபணு, மூளையின் வேதியியல், வளர்ந்த சூழல், சிலருக்குக் கஞ்சா போன்ற போதைப் பழக்கம் என்று பலவும் சேர்ந்து வருவது அது. பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது இந்த நோயின் ஓர் அறிகுறி. மருந்தை நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. காரணம் சினிமா இல்லையென்றால் சினிமாவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? நோய் எங்கிருந்து வந்தாலும், அது தரித்துக்கொள்ளும் உடுப்பு ஊரில் உலவும் கதைகளிலிருந்து வருகிறது. இதற்குச் சான்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

லண்டனில் ஜேம்ஸ் டில்லி மேத்யூஸ் என்றொரு தேயிலை வியாபாரி இருந்தார். 1797இல் பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். லண்டன் நிலவறை ஒன்றில் ஒரு கும்பல் பதுங்கியிருக்கிறது, ‘காற்றுத்தறி’ என்ற இயந்திரத்தை இயக்குகிறது, அதிலிருந்து வரும் காந்தக் கதிர்கள் தன் மூளைக்குள் நினைப்புகளைத் திணிக்கின்றன, ரத்த ஓட்டத்தைத் திருகுகின்றன என்று அவர் உறுதியாகச் சொன்னார். நாறும் வாயுக்கள் அடைத்த பீப்பாய்கள், அவற்றிலிருந்து கிளம்பும் குழாய்கள், மேலே காற்றாலை இறக்கைகள், முன்னால் உட்கார்ந்து விசைகளை இயக்கும் ஓர் ஆள் என்று அந்த இயந்திரத்தைத் தன் கையால் நுணுக்கமாக வரைந்தும் வைத்தார். மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் ஹாஸ்லாம் இவரைப் பற்றி 1810இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வந்தது 1818இல். உலகின் முதல் அறிவியல் புனைகதை என்று பலர் கொண்டாடும் நாவலுக்கு எட்டு ஆண்டு முன்பே, மனத்தை ஆட்டிவைக்கும் இயந்திரம் ஒரு நோயாளியின் வரைபடமாக அச்சில் இருந்தது. வாயுக்கள், காந்தம், தறி என்று அதன் ஒவ்வொரு பாகமும் அன்றைய இங்கிலாந்து வாய் ஓயாமல் பேசிய அறிவியலிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தது.

மேத்யூஸ் கதையில் இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இரு நாடுகளுக்கும் இடையே சமாதானம் பேசத் தான் பாரிஸ் போனதாகவும், மந்திரிகளைச் சந்தித்ததாகவும், அங்கே சிறையில் கிடந்ததாகவும் அவர் சொல்லிவந்தார். பைத்தியக்காரன் பேச்சு என்று அதை ஒதுக்குவது எளிது. உண்மையிலேயே அவர் போனார், சிறையிலும் இருந்தார். நோயாளி சொல்வதெல்லாம் பொய்யும் அல்ல, எல்லாம் நிஜமும் அல்ல என்ற இந்தச் சிக்கலான இடத்தில்தான் மருத்துவரும் குடும்பமும் தினம் தினம் நிற்கிறார்கள். இதை நேர்மையாக எடுத்துச் சொல்லும் படம் ஒன்று வந்தால் அது எந்தத் திகில் படத்தையும் விட விறுவிறுப்பாக இருக்கும்.

மேத்யூஸுக்குப் பின் இயந்திரங்கள் மாறிக்கொண்டே வந்தன. 1919இல் வியன்னாவின் உளப்பகுப்பாய்வாளர் விக்டர் டவுஸ்க், நோயாளிகளை ஆட்டிவைக்கும் ‘இயந்திரங்கள்’ பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, செயற்கைக்கோள் வந்தது. 1998இல் ‘தி ட்ரூமன் ஷோ’ வெளியானது. தன் வாழ்க்கை முழுவதும் ஒரு தொலைக்காட்சித் தொடர், சுற்றியிருப்பவர்கள் எல்லாம் நடிகர்கள் என்று கண்டுபிடிக்கும் ஒருவனின் கதை. சில ஆண்டுகளில் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஜோயல் கோல்டிடம் வந்த நோயாளிகள் சிலர், அந்தப் படத்தின் பெயரையே சொல்லித் தங்கள் நிலையும் அதுதான் என்றார்கள். அவரும் அவருடைய சகோதரர் இயன் கோல்டும் 2012இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பாட்டி காலத்தில் பயந்த அதே மனம், பேரன் காலத்தில் கேமராவுக்கும் சிப்புக்கும் பயப்படுகிறது.

இதைவிட நெருக்கமான சான்று சென்னையிலேயே இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானிடவியலாளர் டான்யா லூர்மன், சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபின் மருத்துவர் ஆர். பத்மாவதி உள்ளிட்டோருடன் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர். எல்லோருக்கும் காதில் குரல் கேட்கும் கடுமையான மனநோய். அந்தக் குரல்கள் யார், என்ன சொல்கின்றன என்று ஒவ்வொருவரிடமும் விரிவாகக் கேட்டார்கள். அமெரிக்கர்களில் பலருக்கு அவை முன்பின் தெரியாத, வன்முறை நிறைந்த குரல்கள். வெட்டு, குத்து, போர் என்று மூளையைத் தாக்குபவை. சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அவை உறவுக்காரர்களின் குரல்கள். அம்மா, மாமியார், அண்ணன், அக்கா. எழுந்து குளி, சமையலைப் பார், வீட்டைப் பெருக்கு என்று சொல்கிற குரல்கள். திட்டுகின்றன, சில நேரம் நல்ல புத்தியும் சொல்கின்றன. அக்ராவில் பலருக்கு அது கடவுளின் குரல்.

2015இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் ஒரு கணம் நெஞ்சு நெகிழும். நோயிலும் கூட அம்மா ‘சாப்பிட்டியா’ என்றுதான் கேட்கிறாள். சென்னையில் எல்லோருக்கும் குரல்கள் இனிமையாக இருந்தன என்று இதற்குப் பொருளில்லை. உறவின் குரலில் வரும் வசை உயிரை வாங்கிவிடும். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: சுற்றியுள்ள வாழ்க்கை எதைச் சொல்லிக் கொடுக்கிறதோ அந்த மொழியில்தான் நோய் பேசுகிறது. வீட்டுத் திண்ணையும் கூடமும் சொல்லிக் கொடுத்த காலம் ஒன்று. இன்று இருபது வயதுப் பிள்ளைக்கு இரவு இரண்டு மணிக்குக் கைபேசித் திரையில் ஓடும் படங்களும் சேர்ந்து சொல்லிக் கொடுக்கின்றன. அவற்றை எடுப்பவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

ஷியாமளனின் வரிசையில் ‘கிளாஸ்’ படத்துக்கு முந்தையதான ‘ஸ்ப்ளிட்’ இன்னும் மோசம். பல ஆளுமைகளாகப் பிரிந்துபோன ஓர் இளைஞனுக்குள் இருபத்து நான்காவதாக ஒரு மிருகம் பிறக்கிறது. சுவரில் ஏறுகிறது, பெண்களைத் தின்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு வரும் ஒரு நோயை அரக்கத்தனமாக்கிய படம் என்று மனநல மருத்துவர்களும் அந்த நோயோடு வாழ்பவர்களும் அன்றே கண்டித்தார்கள். தமிழிலும் 2005இல் ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ என்று ஒரே ஆண்டில் இரண்டு பெரிய படங்கள் அதே வகை நோயை வைத்துப் பெட்டியை நிரப்பின. கடுமையான மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. திரையில் அது வருவதே இல்லை.

அப்படியென்றால் நிஜம் எது என்ற கேள்வியை அறிவியல் புனைகதை விட்டுவிட வேண்டுமா? கூடவே கூடாது. அந்தக் கேள்வியைக் கையாளும் விதத்தைப் பிலிப் கே. டிக்கிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். ‘பிளேட் ரன்னர்’, ‘டோட்டல் ரீகால்’ படங்களுக்கு மூலக்கதை எழுதிய அமெரிக்கர் அவர். 1974 பிப்ரவரியில் பல் பிடுங்கிய வலிக்கு மருந்து கொண்டுவந்த பெண்ணின் கழுத்தில் மீன் வடிவப் பதக்கத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து சில வாரங்கள் இளஞ்சிவப்பு ஒளியும் பழங்கால ரோமாபுரியும் அவர் முன் தோன்றின. அதே ஆண்டு, போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் ஒரு தனி மனிதர் அல்ல, கம்யூனிஸ்டுகளின் ஒரு குழு என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்குக் கடிதம் எழுதினார். அவர் மனம் எவ்வளவு தள்ளாடியது என்பதற்கு அந்தக் கடிதம் ஒன்றே போதும்.

ஆனால் எழுத்தாளராக அவர் செய்தது வேறு. தான் கண்டது கடவுளா, வேற்றுக் கோளின் செயற்கைக்கோளா, வலிப்பா, போதை மாத்திரையின் விளைவா, பைத்தியமா என்று 1982இல் சாகும்வரை ஏறத்தாழ 8,000 பக்கம் எழுதித் தன்னையே குறுக்கு விசாரணை செய்தார். 1981இல் வெளியான ‘வேலிஸ்’ நாவலில் தன்னை இரண்டாக வெட்டி வைத்தார். ஒருவன் காட்சி கண்டவன். இன்னொருவன் அவனை நேசிக்கிற, அவனுக்காக வருந்துகிற, அவன் சொல்வதை நம்ப முடியாத நண்பன். அந்த நண்பனின் குரலில் எழுதியதால்தான் ‘வேலிஸ்’ மனநோயாளிகளின் வீட்டிலிருப்பவர்களும் தங்கள் கதையாகப் படிக்கக்கூடிய நாவலானது. தான் காண்பது தவறாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைத்தான் நோய் முதலில் பறித்துக்கொண்டு போகிறது. டிக் அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ‘கிளாஸ்’ நடுவழியில் அதைத் தந்துவிட்டு முடிவில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

புதுச்சேரியைக் களமாகக் கொண்ட உலகப் புகழ் பெற்ற நாவல் ஒன்றும் இதே கேள்வியில்தான் நிற்கிறது. யான் மார்டெலின் ‘லைஃப் ஆஃப் பை’. நேரு வீதி இந்தியன் காஃபி ஹவுஸில் கேட்ட கதை என்று தொடங்கும் அந்த நாவலில், கடலில் தனித்து மிதந்த பை என்ற பையன் முடிவில் இரண்டு கதை சொல்கிறான். ஒன்றில் புலியும் பிற விலங்குகளும், மற்றொன்றில் கொலை செய்யும் மனிதர்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று கேட்கிறான். அழகான கேள்விதான். ஆனால் மனச்சிதைவு உள்ளவரிடம் அதைக் கேட்க முடியாது. பையிடம் இரண்டு கதைகள் இருந்தன. அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதிலிருந்து இறங்கி வர அவருக்குக் கதவு இல்லை.

இந்த ஊரிலேயே எழுதப்பட்ட குயில் பாட்டில் பாரதி அந்தக் கதவை எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டும். நகருக்கு மேற்கே ஒரு மாஞ்சோலை, பேசும் குயில், முற்பிறவி, முனிவர் என்று கற்பனை உச்சத்துக்குப் போன பிறகு கவிஞர் கண்விழிக்கிறார். சுற்றிலும் பழைய சுவடி, எழுதுகோல், பத்திரிகைகள், பழம்பாய். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே தான் வீட்டில் இருப்பது அவருக்கு உறைக்கிறது. கற்பனையை அவர் துளியும் குறைக்கவில்லை. ஆனால் திரும்பி வர ஒரு பாயையும் எழுதுகோலையும் விட்டு வைத்தார்.

அதே பாரதி குள்ளச்சாமி என்ற சித்தரையும் பாடியிருக்கிறார். அழுக்கு மூட்டை சுமந்து திரிந்த அவரைக் கேட்டபோது, தான் வெளியே சுமப்பதை நீ உள்ளே சுமக்கிறாய் என்று பதில் வந்த கதை புதுச்சேரிக்காரர்களுக்கு மனப்பாடம். சித்தர் சமாதிகள் நிறைந்த ஊர் இது. கந்தல் உடுத்தியவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடும் பழக்கம் இங்கே உண்டு, கல்லெறிவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் பேருந்து நிலையத்தில் குப்பையைக் கிளறிக்கொண்டு தனக்குள் பேசும் இருபத்தைந்து வயது இளைஞர் குள்ளச்சாமி அல்ல. அவருக்கு வேண்டியது சோறு, மருந்து, தேடி அலையும் ஒரு குடும்பம். கும்பிட்டுவிட்டுக் கடந்து போவதும் கைவிடுவதுதான்.

கைவிடுவதன் விலை என்ன என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. ஆனால் 2015-16 தேசிய மனநல ஆய்வு கண்டபடி, மனநலக் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கும் மேல் சிகிச்சையே பெறுவதில்லை. மருத்துவமனை இல்லாத ஊர் அல்ல புதுச்சேரி. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது, அதில் மனநலத் துறையும் இருக்கிறது. வீட்டுக்கும் அந்த வாசலுக்கும் இடையே நிற்பது பயம், வெட்கம், மருத்துவர் மீதான சந்தேகம். இந்தக் கடைசிச் சந்தேகத்துக்குப் படங்கள் தீனி போடக் கூடாது.

தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிற, படமாக்குகிற இளைஞர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது தணிக்கை அல்ல. மனநோயைக் கருவாக எடுத்தால் ஸ்கார்ஃப் போன்ற இடத்துக்கு ஒரு முறை போய், நோயிலிருந்து மீண்டவர் ஒருவரையும் அவர் தாயையும் உட்கார வைத்துக் கேளுங்கள். மருத்துவரை வில்லனாக்கும் திருப்பம் பழசாகிவிட்டது. காதில் கேட்கும் குரலோடு காலையில் எழுந்து வேலைக்குப் போகும் மனிதரின் கதை இன்னும் தமிழில் சரியாகச் சொல்லப்படவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ‘டிவியில என்னைப் பத்திப் பேசறாங்க’ என்றால், இல்லவே இல்லை என்று மல்லுக்கு நிற்காதீர்கள். ஆமாம் என்று ஒத்தும் ஊதாதீர்கள். ‘அப்படித் தோணும்போது உனக்கு எவ்வளவு பயமா இருக்கும் கண்ணு, வா, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லலாம்’ என்று கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.